ரயில்வே கேட் போய் மேம்பாலம் வருகிறது, நடந்து போகிறவர்களுக்கு வழி இல்லை

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, ஸ்டாங்கர் ஊருக்குச் செல்லும் ரயில் பாதையோரம் குடியிருக்கிறோம். ஊர் நடுவே இருக்கும் ரயில்வே கேட்டை மூடிவிட்டு மேம்பாலம் கட்டப்போகிறார்கள். பாலம் அவசியம் வேண்டும். ஆனால் எங்களுக்குக் காட்டிய வரைபடத்தில் வண்டிகளுக்கு மட்டுமே வழி. கோயிலும் பள்ளிக்கூடமும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். முதியவர்களும் பிள்ளைகளும் எப்படிக் கடப்பார்கள்?

மேலே 3,000 வோல்ட் மின்கம்பி போவதால் பாலத்தைத் தாழ்வாகக் கட்ட முடியாது. உயரம் 7 மீட்டர் என்று வைத்தால்கூட, சக்கர நாற்காலிக்கான 1:12 சரிவில் 84 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். இடையிடையே இளைப்பாறும் தளங்கள் தனி. அதற்கு இடமே விடவில்லை.

வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்தோம். நகராட்சி ரயில்வேயைக் கைகாட்டுகிறது, ரயில்வே நகராட்சியைக் கைகாட்டுகிறது. 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி முழு வரைபடமும் கேட்டோம். 30 நாள் கெடு கடந்தும் பதில் இல்லை. சுற்றுச்சூழல் அனுமதிக்கான கருத்துக்கேட்பு இந்த மாத இறுதியில் முடிகிறது.

இப்படி ஒரு மேம்பாலத்தோடு நடைபாலத்தையும் சேர்க்க வைத்தவர்கள் இங்கே இருந்தால், ஆட்சேபத்தை எந்த அலுவலகத்துக்கு, எந்த விதியைக் காட்டி எழுதினீர்கள்?