பேச்சு வந்துவிட்டது, பாடம் வரவில்லை. ஏன்?

கேள்வி:
பத்து வயதில் வேற்று நாட்டுக்கு வந்த பையன், ஒன்றரை வருடத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே பேசுகிறான். ஆனால் அறிவியலிலும் சமூகவியலிலும் மதிப்பெண் தேறவில்லை. வீட்டிலும் அந்நாட்டு மொழியையே பேசச் சொல்கிறது பள்ளி. அது சரிதானா? சோம்பலா, வேறு கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1:
பெரும்பாலும் சோம்பல் இல்லை. மைதானத்து மொழி வேறு, பாடப்புத்தக மொழி வேறு. கனடாவின் மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். பேச்சு சுமார் 2 வருடத்தில் கைவந்துவிடும். பாட மொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 வருடம் பிடிக்கும்.

உதாரணத்துக்கு ஆங்கிலத்தையே எடுங்கள். 'வால்யூம்' என்றால் பையனுக்கு டிவி சத்தம். வினாத்தாளில் அது கன அளவு. 'டேபிள்' அங்கே மேசை இல்லை, அட்டவணை. தெரியாத சொல்லாக இருந்தால் கேட்டிருப்பான். தெரிந்த சொல் என்று நினைப்பதால்தான் தப்பாக எழுதிவிட்டு வருகிறான்.

தவறவிட்ட கேள்வியைத் தாய்மொழியில் கேட்டுப் பாருங்கள். விளக்கிச் சொன்னால் பாடம் புரிந்திருக்கிறது, மொழிதான் இடிக்கிறது. இரண்டிலும் திணறினால் பாடத்தையே மறுபடி தொடவேண்டும். நாளைய பாடத்தை முந்தின இரவே 15 நிமிடம் தாய்மொழியில் பேசிவிடுவது நல்லது. புதுச் சொல் ஐந்தாறு போதும். கூடவே 'ஒப்பிடு', 'காரணம் கூறு' மாதிரி வினாச் சொற்களும். அதில் கோட்டைவிடுவதுதான் அதிகம்.

பதில் 2:
பள்ளியின் அந்த அறிவுரையை ஏற்க வேண்டாம். பெற்றோருக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசினால் "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். சமூகவியல் ஆய்வாளர்கள் போர்ட்டஸும் ரும்பாவும் அமெரிக்காவின் மயாமி, சான் டியாகோ பகுதிகளில் 1992 முதல், குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்த 5,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இரு மொழியும் சரளமாக இருந்த பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு உரசல் குறைவாகவே இருந்தது. மொழி ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்காது. குடியிருக்கும் பகுதி, பள்ளியின் தரம், குடியுரிமை நிலை எல்லாம் சேர்ந்துதான்.

அவன் அந்நாட்டு மொழியில் பதில் சொன்னால் அதட்டாதீர்கள், நீங்கள் தாய்மொழியிலேயே தொடருங்கள். அதட்டினால் பேசுவதையே குறைத்துக்கொள்வான்.

பதில் 3:
இன்னொன்று. மருத்துவமனை, வங்கி, பள்ளிக் கடிதம் எல்லாவற்றுக்கும் அவனையே மொழிபெயர்ப்பாளன் ஆக்காதீர்கள். மருந்தின் அளவு ஒரு சொல்லில் மாறிப்போகும். வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதும் தலைகீழாகிவிடும். முன்பதிவின்போதே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பல நாடுகளில் அரசு மருத்துவமனைகளே ஏற்பாடு செய்கின்றன.

கேள்வி கேட்டவர்:
போன பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்திலும் அவன்தான் மொழிபெயர்த்தான்.

பதில் 3:
அப்படியானால் ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அவர் சொன்னதில் பாதிதான் உங்களுக்கு வந்திருக்கும், அதுவும் நல்ல பாதி.