கிரேஃபேயின் ஐரிஸ் அறுவை: காரணம் தெரியாமலே எப்படிப் பலித்தது?

கேள்வி:
பெர்லின் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே (1828–1870), கைவிடப்பட்ட நோயான கிளாகோமாவுக்கு (பொதுவாகக் கண்ணுள் அழுத்தம் ஏறிப் பார்வையைப் பறிப்பது) ஐரிஸில், அதாவது கண்ணின் நிறமுள்ள வளையத்தில், ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தீர்வு கண்டதாக 1857-ல் அறிவித்தார். அழுத்தம் அளக்க நல்ல கருவிகூட இல்லாத காலம். எதை நம்பிக் கத்தியை எடுத்தார்?

பதில் 1:
விரலை நம்பித்தான். நோயாளியைக் கீழே பார்க்கச் சொல்லி, மேலிமை மீது இரண்டு ஆள்காட்டி விரல்களை வைத்து மாற்றி மாற்றி லேசாக அழுத்த வேண்டும். நல்ல கண் சற்று அமுங்கும். கடும் கிளாகோமாவில் கல் மாதிரி இருக்கும். வேறு கண் நோய்களுக்கு ஐரிஸை வெட்டியபோது கண் இளகுவதைக் கவனித்தவர், அதையே இங்கும் செய்து பார்த்தார்.

கருவிழியின் (ஐரிஸுக்கு முன்னால் உள்ள தெளிந்த படலம், கார்னியா) ஓரத்தில் ஈட்டிமுனைக் கத்தியை நுழைத்து, ஐரிஸை இடுக்கியால் வெளியே இழுத்து, வேர்வரை கத்தரிப்பதுதான் முறை. கத்தியைச் சட்டென்று உருவினால் போச்சு: உள்நீர் ஒரேயடியாகப் பீய்ச்சி, அழுத்தம் சரிந்து, உள்ளே ரத்தம் கசியும். கண்ணை மரக்கச் செய்யும் கொக்கைன் சொட்டு 1884-ல்தான் வந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பதில் 2:
பலித்த காரணத்தையும் சொல்லிவிடலாம். ஐரிஸுக்குப் பின்னால் ஊறும் நீர், பாப்பா (ஐரிஸின் நடுத்துளை) வழியாக முன்னே வர வேண்டும். அங்கே அடைத்துக்கொண்டால் ஐரிஸ் முன்னால் உப்பி, ஐரிஸும் கருவிழியும் சேரும் இடத்தில் உள்ள வடிகால் மூலையை மூடிவிடும். துண்டை வெட்டியதும் நீருக்குக் குறுக்குவழி கிடைத்தது. மெல்ல முற்றும் கிளாகோமா வகையில் மூலை திறந்தே இருப்பதால் அதே அறுவை ஏமாற்றியது. இன்று லேசரில் போடும் சின்ன ஓட்டையே போதும். அவ்வளவு அகலமாக வெட்டியிருக்க வேண்டியதில்லை.

பதில் 3:
அவர் சறுக்கிய இடங்களும் உண்டு. கண்ணின் உட்புறத்தைப் பார்க்க உதவும் ஹெல்ம்ஹோல்ட்ஸின் கருவியில் ஒற்றைக் கண்ணால் பார்த்ததால், கிளாகோமாவில் குழிந்திருந்த பார்வை நரம்பு முனையை முதலில் மேடு என்றே எழுதினார், பிறகு திருத்திக்கொண்டார்.

கண்புரையிலும் அப்படித்தான். பழைய முறையில் புரையை எடுக்கக் கருவிழியைப் பாதி வட்டத்துக்கு மடல்போல் அறுப்பார்கள். தையல் கிடையாது; மடல் வாய்பிளந்து சீழ் வைக்கும். 1860-களில் கிரேஃபே, ஒடுங்கிய நேர்க்கத்தியால் மேல் ஓரத்தில் கிட்டத்தட்ட நேர்கோடாக வெட்டினார். விளிம்புகள் தாமாக ஒட்டின. ஆனால் வெட்டு வெள்ளைவிழிக்குள் அதிகம் போனால் விட்ரியஸ் (கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ்) வழியும். ஐரிஸுக்குப் பின்னால் உள்ள சிலியரி பகுதி காயப்பட்டால் மற்றக் கண்ணும் அழற்சியில் பறிபோகலாம். பின்னால் வந்தவர்கள் கத்தியை வைத்துக்கொண்டு, வெட்டை மட்டும் கருவிழிப் பக்கம் நகர்த்தினார்கள்.