கையைத் தாங்கும் கருவி: பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்கள்

மலேசியா, சுங்கை சிப்புட், ஒரு தாய்:

என் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு. சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் காலைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் தகராறு முழுக்கக் கையோடு.

இந்த நோயில் கையைப் பொறுத்தவரை முதலில் தளர்வது தோளும் மேல்கையும். விரல்கள் வெகுநாள் தாக்குப்பிடிக்கும். கைப்பேசியைக் கையில் வைத்துவிட்டால் அவன் விரல் ஓடுகிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியாது. அதே விரல் மூக்குவரை வராது. "மா, கொசு!" என்று கத்துவான், நான் அடுப்படியிலிருந்து ஓடி வர வேண்டும். ஒரு கையின் எடை உடம்பு எடையில் ஏறக்குறைய 5 சதவீதம் என்று ஈப்போ மருத்துவமனையில் ஓ.டி. (செயல்வழிச் சிகிச்சை) பிரிவில் சொன்னார்கள். 40 கிலோ பையன் என்றால் 2 கிலோ. அந்த 2 கிலோவைத் தூக்கத் தோளில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

கருவி செய்வதும் அந்த எடையை வாங்கிக்கொள்வது மட்டுமே. முன்கையை வைக்க ஒரு வளைந்த தாங்கி, அதிலிருந்து நாற்காலிக் கம்பிவரை மடங்கி அசையும் தண்டுகள், நடுவில் ஸ்பிரிங் அல்லது ரப்பர் வளையங்கள். மோட்டார் வைத்ததும் உண்டு. எங்களுடையது ரப்பர் வளையம். அமெரிக்காவில் வில்மிங்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான ரெக்ஸ் என்கிற கருவியும் இதே வகைதான். பிள்ளை வளர வளர வளையங்களைக் கூட்டிக்கொள்ளலாம். நாங்கள் தலைமுறையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டிய குடும்பம். ரப்பர் வளையத்துக்கு வெளிநாட்டில் ஆர்டர் போட்டுவிட்டு நான் காத்திருப்பதைப் பார்த்தால் என் மாமனார் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார். நம் ஊர் வெக்கையில் வளையங்கள் சீக்கிரமே இற்றும் போகின்றன.

இப்போது சாப்பாட்டு விஷயம். விற்பவர் காட்டிய வீடியோவில் எல்லாரும் கரண்டியில் சாப்பிடுகிறார்கள். நம் வீட்டில் சோற்றில் சாம்பாரை ஊற்றிப் பிசைய வேண்டுமே, அதற்குக் கை கீழே அமுங்க வேண்டும். கருவியோ கையை மேலேயே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் அவன் கை தட்டுக்கு மேலே மிதந்துகொண்டு நின்றது, இறக்கவே முடியவில்லை. அவனுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை. அப்புறம் ஓ.டி. பிரிவில் இருந்த தங்கச்சி சில வளையங்களைக் கழற்றி, கையின் எடையில் கொஞ்சத்தை மிச்சம் வைத்தார். இறங்குவதற்கு அந்த மிச்ச எடை, ஏறுவதற்குக் கருவி. பிசைந்து கொடுப்பது இன்னமும் நான்தான். எடுத்து வாயில் போட்டுக்கொள்வது அவன்.

முன்பெல்லாம் கை வாய்க்கு வராது, வாய்தான் கைக்குப் போகும். உடம்பை அப்படியே முன்னால் சாய்த்து, இடது கையால் வலது முழங்கைக்கு முட்டுக்கொடுத்துச் சாப்பிடுவான். இப்போது நிமிர்ந்து உட்காருகிறான். டுஷேன் பிள்ளைகளுக்கு முதுகு வளையும் என்கிற பயம் இருக்கிறதல்லவா, அதனால் எனக்குச் சந்தோஷம். ஆனால் இதை முதுகுக்கு வைத்தியமாக நினைத்துவிட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஈப்போ கல்லுமலைக் கோவிலில் திருநீற்றைத் தானே எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டான். கோணலாகத்தான். கண்ணிலும் கொஞ்சம் விழுந்தது.

இனி என் கேள்விகள். எங்களுடையது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, கதவு குறுகல். கருவி மாட்டிய நாற்காலி நிலையில் இடிக்கிறது. பள்ளி மேசைக்கடியிலும் நுழைய மாட்டேன் என்கிறது. கையைக் கட்டும் பட்டையில் குழம்பு பட்டால் மஞ்சள் கறை போகவே இல்லை. நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?

செம்பனைத் தோட்ட ஆபீஸில் வேலை செய்பவர்:

அக்கா, எனக்கு இடுப்பையும் தோளையும் தாக்கும் வகைத் தசைச்சிதைவு. நான் வைத்திருப்பது மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் ரகம். சம்பளக் கணக்கு தட்டுகிற வேலைக்கு அது போதும். முன்பு மத்தியானத்துக்குள் தோள் விட்டுப்போகும், இப்போது சாயங்காலம்வரை ஓடுகிறது. பட்டையை நான் கழற்றித் துவைப்பதில்லை, பழைய டி-ஷர்ட் துணியில் உறை தைத்து மாட்டிவிடுகிறேன். கறை உறைக்கு, பட்டைக்கு இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் இதை ஆசைப்பட்டதே தலை வாரிக்கொள்ள. அது நடக்கவில்லை. முகம்வரை கை சுலபமாக வருகிறது, பின்னந்தலைக்குப் போவதில்லை. நீளக் கைப்பிடி வைத்த சீப்புதான் கடைசியில் கைகொடுத்தது. தண்ணீர்க் குவளையும் அப்படித்தான். கையின் எடைக்கு அளந்து வைத்த கருவி, குவளை நிறைந்திருந்தால் கீழே சாய்ந்துவிடும். பாதிக் குவளைதான் ஊற்றுகிறேன். ஆகவே "கைக்கு என்ன கருவி இருக்கிறது?" என்று கடையில் போய்க் கேட்காதீர்கள். எந்த வேலை செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒரு கடையில் உட்கார்ந்து பார்க்கக்கூட விடவில்லை, முன்பணம் கட்டினால்தான் பெட்டியைத் திறப்பார்களாம். திரும்பி வந்துவிட்டேன்.

பண உதவிக்கு: ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை வைத்திருப்பவர்கள் சமூகநல இலாகாவில் உபகரண உதவிக்கு விண்ணப்பிக்கலாம், டாக்டரின் பரிந்துரை வேண்டும். சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டுகிறவர்கள் அங்கே மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

சம்பள நாளில் வரிசையில் நின்ற ஒரு பாட்டி கருவியையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 'என்ன பாவம் செஞ்சியோ' என்று ஆரம்பிப்பார் என நினைத்துத் தயாராக இருந்தேன். "இது மாதிரி ஒண்ணு எனக்கும் கிடைக்குமா, பழக் குலைக்குக் கொக்கி பிடிச்சுப் பிடிச்சுத் தோள் போச்சு" என்றார்.

ஓய்வுபெற்ற தோட்ட டிரசர் (தோட்ட மருத்துவ உதவியாளர்):

இந்த வகைத் தாங்கிகள் புதுசு இல்லை. போலியோவில் தோள் விழுந்தவர்களுக்காக அமெரிக்காவில் செய்த முன்கைத் தாங்கிதான் இவற்றுக்கெல்லாம் மூத்தது. மேலே கம்பியிலிருந்து தொங்கவிட்டுக் கையைத் தூளியில் போடுகிற முறையும் உண்டு. தோட்டத்தில் ஒருவருக்கு லயத்து வீட்டு உத்தரத்திலிருந்து வேட்டித் துணியும் ஸ்பிரிங்கும் கட்டி அப்படிச் செய்து கொடுத்தோம். பீடியைத் தானே வாயில் வைத்துக்கொண்டார். நான் விரும்பியது அது இல்லை, ஆனால் அவர் விரும்பியது அதுதான்.

அம்மா, கதவுக்கு: மாட்டியிருக்கும் இடத்தில் பூட்டும் ஊசியை இழுத்தால் கருவி கழன்றுவரும்படியோ உள்பக்கம் மடங்கும்படியோ ஏதாவது வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மாட்டும் பாகத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் வெல்டிங் வைத்துவிடாதீர்கள். பள்ளியில் மேசையை உயர்த்தச் சொல்லுங்கள். நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே பலகை இருந்து முழங்கை அதில் ஊன்றினால் பாதி வேலைக்குக் கருவியே தேவைப்படாது. செலவும் நாலு மரக்கட்டைதான்.

முழங்கையைத் தினமும் மெதுவாக நீட்டிவிடுகிறீர்களா? மடங்கினபடியே இறுகிவிட்டால் எந்தக் கருவியும் அதை நீட்டித் தராது. ராத்திரி சட்டையைக் கழற்றும்போது தாங்கி படுகிற இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊரில் வியர்வையே போதும், புண் வந்துவிடும்.

மீண்டும் தாய்:

டிரசர் ஐயா, நன்றி. ஊசி இருக்கிறது! அது வண்டியில் வரும்போது ஆடாமல் இருக்க வைத்தது என்றே நினைத்திருந்தோம். மேசைக்குத் தலைமையாசிரியரிடம் கேட்கிறேன். எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் சிறப்புத் தேவை மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டே, அதற்கும் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதையும் சேர்த்தே பேசிவிடுகிறேன். தங்கச்சி, உறை தைக்கும் யோசனை அருமை. மகன் ஏதோ எழுத வேண்டுமாம்.

மகன்:

அம்மா சோறு சோறு என்றே எழுதியிருக்கிறார். எனக்கு இது கேரம் விளையாடத்தான் வேண்டும். மேலே கீழே போவதைவிடப் பக்கவாட்டில் கை நன்றாக வழுக்கிக்கொண்டு போகிறது, சுண்டுவதற்கு விரலில் பலம் இருக்கிறது. அப்பாவை ஜெயிக்கிறேன். பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போகும்போது மாட்டிக்கொள்ள மாட்டேன் என்பதற்கும் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. எல்லாரும் பார்க்கிறார்கள், அங்கே எனக்கு சாத்தேயை யாராவது ஊட்டினால் போதும். எப்போது மாட்டுவது என்பதை நான்தான் சொல்வேன். ரப்பர் வளையம் யாரிடமாவது மிச்சம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், எங்களுடையது இன்னும் வந்து சேரவில்லை.