வாராந்த வகுப்பு மடல்: உங்கள் யோசனை வேண்டும்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் தரம் 3 கற்பிக்கிறேன். வெள்ளிதோறும் பெற்றோருக்கு ஒரு பக்க மடல் கொடுத்துவிடுகிறேன்: அடுத்த கிழமை தமிழில், கணிதத்தில், சுற்றாடல்சார் செயற்பாடுகளில் என்ன வரும், பிள்ளை என்ன கொண்டுவர வேண்டும் என்று. சென்ற முறை ‘ஐந்து வகை இலைகள்’ கேட்டிருந்தேன். திங்களன்று நான்கு பேர்தான் கொண்டுவந்தார்கள். அதிலும் ஒருவன் கொண்டுவந்த ஐந்தும் வேப்பிலை! மற்றவர்களின் மடல் தண்ணீர்ப் போத்தல் ஒழுகி, புத்தகப்பையின் அடியில் கூழாகிக் கிடந்தது. வட்ஸ்அப்பில் போடலாம்தான். ஆனால் சில பிள்ளைகளைப் பார்ப்பது அம்மம்மாமார்; கையில் பழைய பொத்தான் தொலைபேசி. அவர்களுக்கும் போய்ச் சேர நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உங்கள் மடலின் மாதிரி இருந்தால் படமெடுத்துப் போடுங்கள், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு.