விளையாடவே முடியாத விளையாட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்: இனி என்ன செய்யலாம்?

கேள்வி: நள்ளிரவு ஆட்டக்காரர்

வணக்கம். பெரிய டிஜிட்டல் விற்பனைத் தளம் ஒன்றில் அண்மையில் ஒரு கணினி விளையாட்டை முழு விலை கொடுத்து வாங்கினேன். இதே தொல்லையை வேறு தளங்களில் பட்டவர்களும் இங்கே இருப்பீர்கள் என்பதால், பெயர் குறிப்பிடாமல் பொதுவாகவே கேட்கிறேன். பதிவிறக்கம் முடிந்து, விளையாடத் தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் விளையாட்டு திறக்கவில்லை. வெளியீட்டு நிறுவனத்தின் சொந்த லாஞ்சர் (விளையாட்டைத் தொடங்கிவைக்கும் தனி மென்பொருள்) திறந்து, அங்கே தனியாக ஒரு கணக்கைத் தொடங்கச் சொன்னது. கணக்கை உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வெகுநேரம் வரவில்லை. வந்த பிறகு லாஞ்சர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள உட்கார்ந்துவிட்டது. ஒருவழியாக விளையாட்டு திறந்தபோது ஷேடர்களை (காட்சிகளை வரைய உதவும் சிறு நிரல்களை) தொகுக்கும் திரை நெடுநேரம் ஓடியது. அது முடிந்து முதல் காட்சி தொடங்கும் முன்பே எல்லாம் மூடிக்கொண்டது. எத்தனை முறை திறந்தாலும் அதே இடத்தில் மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றியும், கோப்புகளைச் சரிபார்த்தும் பயனில்லை.

இத்தனை நேரத்தையும் தளம் நான் விளையாடிய நேரமாகக் குறித்து வைத்திருக்கிறது. பணத்தைத் திரும்பக் கேட்டபோது, இரண்டு மணி நேர வரம்பைத் தாண்டிவிட்டீர்கள் என்று, மனிதர் எவரும் படித்த அறிகுறியே இல்லாத ஒரு பதில் வந்தது. வெளியீட்டு நிறுவனத்தைக் கேட்டால் வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்கிறார்கள். வாங்கிய இடத்திலோ, தொழில்நுட்பக் கோளாறுக்கு வெளியீட்டு நிறுவனத்தை அணுகுங்கள் என்கிறார்கள்.

ஒருமுறை மறுக்கப்பட்ட பிறகு மீண்டும் விண்ணப்பிப்பதில் பயன் உண்டா? வங்கியின் வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரலாமா? இந்த நேரக் கணக்கை எதை வைத்துத்தான் போடுகிறார்கள்? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: பழைய குறுந்தகடு

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதில்தான் இருக்கிறது. தளத்தின் மென்பொருள் உங்கள் கையையோ திரையையோ கவனிப்பதில்லை. தான் தொடங்கிவைத்த நிரல் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது. லாஞ்சரைத் தொடங்கிவைத்ததும் அதுதான் என்பதால், மின்னஞ்சலுக்காக நீங்கள் காத்திருந்த நேரமும் ஆட்டத்துக்குள் இருந்த நேரமும் அதன் பார்வையில் ஒன்றே. ஆகவே அந்த எண்ணை மறுத்து வாதாடுவதை விட, அந்த எண்ணுக்குள் விளையாட்டு எதுவும் நடக்கவில்லை என்று காட்டுவதே உங்கள் வேலை.

அதற்குச் சான்றுகள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. கணினியில் நடப்பவற்றைக் குறித்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், விளையாட்டு மூடிக்கொண்ட ஒவ்வொரு முறையும் அதன் இயக்கக் கோப்பின் (.exe) பெயரும் நேரமும் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். ஆட்டத்தின் முன்னேற்றத்தைப் பதியும் சேமிப்புக் கோப்பு எதுவும் உருவாகியிருக்காது. ஆட்டத்தில் குறிப்பிட்ட இலக்குகளை எட்டும்போது தளம் பதியும் சாதனைகளின் பட்டியலில் ஒன்றுகூடத் திறந்திருக்காது. என் அனுபவத்தில் இந்தக் கடைசிச் சான்றே மிகவும் வலுவானது, ஏனெனில் சாதனைப் பட்டியலைத் தளத்தின் ஊழியர் தம் இடத்திலிருந்தே சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் சொல்லை அவர் நம்ப வேண்டியதில்லை.

எனவே மீண்டும் விண்ணப்பியுங்கள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தை எடுத்துக்கொண்டால், வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பும் என்பது 2015 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதி. அந்த வரம்புக்குள் அடங்காதவர்களும் விண்ணப்பிக்கலாம், அதைப் பரிசீலிப்போம் என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பதைப் பலர் படிப்பதில்லை. இன்னொரு விற்பனைத் தளமான எபிக் கேம்ஸ் ஸ்டோரிலும் இதே 14 நாள், 2 மணி நேரக் கணக்குதான். குறிப்பு எழுதும் பெட்டியில் கோபத்தைக் கொட்டாதீர்கள். “முதல் காட்சிக்கு முன்பே நின்றுவிடுகிறது, சேமிப்புக் கோப்பு இல்லை, சாதனை இல்லை, காட்டப்படும் நேரம் லாஞ்சரிலும் ஷேடர் தொகுப்பிலும் கழிந்தது” என்ற நான்கு தொடர்கள் போதும். நீங்கள் என்ன தளம் என்று சொல்லாததால், அந்தத் தளத்தின் விதிப்பக்கத்தையும் ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் ஸ்டோரில், எடுத்துக்காட்டாக, பதிவிறக்கத்தைத் தொடங்கிவிட்டாலே பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை பெரும்பாலும் போய்விடும், உள்ளடக்கம் பழுதானதாக இருந்தால் ஒழிய.

வங்கி வழியை இப்போதைக்குத் தொடாதீர்கள். பணம் செலுத்தியதை வங்கியின் மூலம் மறுத்தால், தளங்கள் பொதுவாகச் செய்யும் முதல் வேலை உங்கள் கணக்கை முடக்குவதுதான். ஒரு விளையாட்டின் விலைக்காக, பல ஆண்டுகளாகச் சேர்த்த நூலகம் முழுவதும் பூட்டப்படும் நிலைக்கு ஆளாக வேண்டியிருக்கும். இந்தச் சமமின்மைதான் இத்தொழிலில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது: வழக்காடும் எதிராளியின் வீட்டிலேயே நம் உடைமைகள் எல்லாம் இருக்கின்றன.

பணத்தைத் திருப்பித் தருவதைத் தளங்களின் பெருந்தன்மை என்று எண்ணி யாரும் தயங்க வேண்டாம். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் மீது ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2014-இல் வழக்குத் தொடுத்தது. எந்தச் சூழ்நிலையிலும் பணம் திரும்பாது என்ற பொருள்பட வால்வ் விதி எழுதியிருந்தது அந்நாட்டுச் சட்டப்படி நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவது என்று 2016-இல் தீர்ப்பு வந்து, அவ்வாண்டு டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. நாங்கள் வெளிநாட்டு நிறுவனம், உங்கள் சட்டம் எங்களைக் கட்டாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. ஆகவே மறுபடியும் மறுத்தால், நீங்கள் வாழும் நாட்டின் நுகர்வோர் சட்டம் பழுதான டிஜிட்டல் பொருளைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்து, அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

மறுமொழி: ஒற்றையாள் ஸ்டுடியோ

சிறிய விளையாட்டுகளை உருவாக்கி விற்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேர விதி எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு தலைவலி. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கதை விளையாட்டை முழுவதும் ஆடி, நல்ல மதிப்புரையும் எழுதிவிட்டு, பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்பவர்கள் உண்டு. ஆகவே வரம்பை நீட்டுங்கள் என்ற கோரிக்கையை என்னால் ஆதரிக்க இயலாது.

ஆனால் கேள்வியாளரின் வழக்கு வேறு. இரண்டாவது லாஞ்சரை அங்கே வைத்தது வெளியீட்டு நிறுவனம். அதை அனுமதித்தது தளம். கடையை நடத்துவதற்காக ஸ்டீம் அடிப்படையில் எடுப்பது விற்பனையில் 30 சதவீதம். இவ்வளவு பங்கு எடுக்கும் தளம், லாஞ்சரில் கழியும் நேரத்தையும் ஆட்டத்தில் கழியும் நேரத்தையும் தனித்தனியே எண்ண ஏற்பாடு செய்வது பெரிய காரியமே அல்ல. ஆட்டம் எப்போது தொடங்கியது என்று விளையாட்டே தளத்துக்குச் சொல்லும்படி ஒரு விதி போட்டால் போதும். செய்யாமல் இருப்பதற்கு, கேட்பவர்கள் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி: நள்ளிரவு ஆட்டக்காரர் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. சேமிப்புக் கோப்பும் சாதனைகளும் இல்லாததைச் சுட்டிக்காட்டி மீண்டும் விண்ணப்பித்திருக்கிறேன்; பதில் வந்ததும் தெரிவிக்கிறேன். கணக்கு முடக்கப்படலாம் என்று சொன்னது மனதைக் குடைகிறது. அப்படியானால் இதுவரை பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் என்னுடையவை என்று எந்த அளவுக்கு நான் எண்ணிக்கொள்ளலாம்?

மறுமொழி: கிடங்குக் காவலர்

தளம் நினைக்கும் அளவுக்கு, அவ்வளவுதான். நீங்கள் பெறுவது விளையாட்டை ஆடுவதற்கான உரிமம். அதை இன்னொருவருக்கு விற்கவோ, கணக்கை மாற்றிக் கொடுக்கவோ ஏறக்குறைய எல்லாத் தளங்களும் தடை விதிக்கின்றன. இதை எதிர்த்துப் பிரான்சின் நுகர்வோர் அமைப்பான யுஎஃப்சி-க்யூ ஷுவாசீர் வழக்குத் தொடுத்து, மறுவிற்பனைக்கு ஆதரவாக 2019-இல் வென்றது. ஆனால் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் அதை மாற்றிவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சொன்னால் போதும்; திரும்பப் பறிக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. அதை ஒரு வெற்றியாகக் கொண்டாடியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பறித்தலுக்கு நல்ல எடுத்துக்காட்டு, விளையாட்டு வெளியீட்டு நிறுவனமான யுபிசாஃப்டின் ‘தி க்ரூ’. 2014-இல் வெளியான அந்தக் கார்ப் பந்தய விளையாட்டை, தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே ஆட வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அதன் பின்னர் வாங்கியவர்களின் உரிமங்களையும் நீக்கினார்கள். இதிலிருந்து கிளம்பியதுதான் யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஆதரவை நிறுத்தும்போது விளையாட்டை ஆடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் தொடங்கிய குடிமக்கள் மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகளைக் கடந்தது. மறுபுறம், கூகுள், இணையம் வழியே விளையாட்டுகளை ஆட வைத்த தன் ஸ்டேடியா சேவையை 2023 ஜனவரியில் மூடியபோது விளையாட்டுகளுக்குச் செலுத்திய பணத்தைத் திருப்பிக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். நிண்டெண்டோ 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ விளையாட்டுக் கருவிகளுக்கான இணையக் கடைகளை மூடியபோது புதிதாக வாங்குவது மட்டுமே நின்றது. ஏற்கெனவே வாங்கியவற்றை மீண்டும் பதிவிறக்க வழி விட்டிருந்தார்கள். ஆக, எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஆனால் எப்படி நடந்துகொள்வது என்று முடிவு செய்வது ஒவ்வொரு முறையும் அவர்கள்தான்.

பூட்டு இல்லாமல் வாங்க விரும்பினால் ஜிஓஜி என்ற விற்பனைத் தளத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் (இணையம் இல்லாமலே நிறுவ உதவும் கோப்பு) கிடைக்கும்; அதை உங்கள் ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொண்டால், கணக்கோ தளமோ இல்லாமலே நிறுவலாம். புதிய பெரிய வெளியீடுகள் பல அங்கே வருவதில்லை, பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்கு இணையமும் கணக்கும் தேவைப்படலாம் என்பவை அதன் குறைகள்.

மறுமொழி: பழைய குறுந்தகடு

காவலர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இன்ஸ்டாலரைப் பதிவிறக்கி அலமாரியில் போட்டுவைத்தால் மட்டும் போதாது. பெரிய விளையாட்டுகளுக்கு அது பல துண்டுகளாக வரும். ஒரு துண்டு பழுதானாலும் நிறுவ முடியாது. பின்னர் வரும் திருத்தங்களும் தனிக் கோப்புகளாகவோ, புதிய இன்ஸ்டாலராகவோ வரும் என்பதால், அவற்றையும் அவ்வப்போது எடுத்து வைக்க வேண்டும். ஜிஓஜியில் பணத்தைத் திரும்பக் கேட்க 30 நாள் அவகாசம் இருக்கிறது, பதிவிறக்கி விளையாடியிருந்தாலும்கூட. அந்த அவகாசத்துக்குள் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஹார்டு டிஸ்கில் உள்ள நகலிலிருந்தே ஒருமுறை முழுவதுமாக நிறுவி, சேமித்த ஆட்டம் திறக்கிறதா என்பது வரை பார்த்துவிடுங்கள்.