முன்சீப் கோர்ட்டில் முதல் இன்ஜங்ஷன் வழக்கு: எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

பொருநைக்காரன்:
சீனியர்களுக்கு வணக்கம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு வேலை மட்டுமே பார்த்து வந்தேன். இப்போது ஊரோடு வந்து அம்பையில் பிராக்டீஸ் தொடங்குகிறேன். முதல் கட்சிக்காரர் எங்கள் தெருப் பெரியம்மா. 12 சென்ட் காலி மனை. 1974ஆம் வருஷக் கிரயப் பத்திரம், பட்டா இரண்டுமே இறந்துபோன கணவர் பெயரில். பக்கத்து நிலத்துக்காரர் எல்லை தாண்டிக் கல் ஊன்ற வருகிறார். அவரைத் தடுக்க நிரந்தர உறுத்துக்கட்டளை (இன்ஜங்ஷன்) கேட்டு பிராது, அதாவது வழக்குரை, தயார். இடைக்காலத் தடைக்கு ஐ.ஏ.வும் (இடைக்கால மனு) தயார். சட்டம் படித்துக்கொள்ளலாம். கீழ்க் கோர்ட் நடைமுறையில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

குற்றாலச்சாரல்:
தம்பி, பிராதின் கடைசிப் பக்கத்தை முதலில் எடுங்கள். சொத்து விவரம். முன்சீப் கோர்ட்டில் பாதி வழக்கு அங்கேதான் இருக்கிறது. ரிட்டில் வளர்ந்தவர்கள் காரண காரியங்களை அழகாக எழுதிவிட்டு, சொத்து விவரத்தை டைப்பிஸ்டிடம் விட்டுவிடுகிறார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பழைய பத்திரத்தில் ‘இன்னார் நிலத்துக்குக் கிழக்கு’ என்று இருக்கும். நம் மனை அவர் நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது, அதாவது அவர் நமக்கு மேற்கு எல்லை. அதைப் பிராதில் ‘கிழக்கில்: இன்னார் நிலம்’ என்று எழுதிவிட்டால் நான்கெல்லையும் தலைகீழாகிவிடும். தடை உத்தரவு கிடைத்தாலும் அது வேறு இடத்துக்குத்தான் கிடைக்கும். அப்புறம் சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 6 விதி 17இல் திருத்த மனு, அதற்கு ஆட்சேபணை, அதற்கு வாய்தா என்று போகும். அதற்குள் அந்த ஆள் கல் ஊன்றி முடித்துவிடுவார்.

1974 பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண். யு.டி.ஆருக்குப் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) பிறகு உட்பிரிவு வந்திருக்கும். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஏரில் (ஒரு ஏர் 100 சதுர மீட்டர்) பேசும். 12 சென்ட் என்றால் 4.86 ஏர். பட்டாவில் 5 ஏர் என்று இருந்தால் 12.35 சென்ட் ஆகிவிடும். இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்தே பெரியம்மாவைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். எப்.எம்.பி. (புல வரைபடம்) நகல் வாங்கி, சங்கிலி அளவோடு ஒத்துப் பார்த்த பிறகு தாக்கல் செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. காலி மனைக்கு அனுபவத்தை, அதாவது அது நம் வசம் இருப்பதை, எதை வைத்துக் காட்டுவீர்கள்? வீடு இல்லை, மின் இணைப்பு இல்லை, பயிர் இல்லை. காலி இடத்தில் உரிமை உள்ளவருக்கே அனுபவம் என்று கொள்வதால் உரிமைப் பிரச்சினை தானாக உள்ளே வந்துவிடும். 2008இல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதிர்தரப்பிடம் ஏதாவது பத்திரம் இருந்து உரிமையில் மேகம் படிந்தால் வெறும் இன்ஜங்ஷன் போதாது; விளம்புகையும் (உரிமை நமக்கே என்ற கோர்ட் அறிவிப்பு) கேட்க வேண்டும். தாக்கலுக்கு முன்னால் பக்கத்து நிலத்துக்கும் சேர்த்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

எதிர்தரப்பு கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். தாக்கல் செய்த நாளிலிருந்து 90 நாள் அதற்கு உயிர் உண்டு. ஒருதலையாகத் தடை கிடைத்தால் அன்றைக்கே, தவறினால் மறுநாள், ஆணை 39 விதி 3இன்படி மனு, அபிடவிட் (பிரமாணப் பத்திரம்), பிராது, ஆவண நகல்கள் எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் எதிர்தரப்புக்கு அனுப்பி, அனுப்பியதற்கு அபிடவிட் தாக்கல் செய்ய வேண்டும். தடை கிடைத்த சந்தோஷத்தில் இதை விட்டுவிட்டால், எதிர் வக்கீல் வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான்.

கோர்ட்டுவாசல் குமாஸ்தா:
வக்கீல் சார், நான் குமாஸ்தா. செக்‌ஷன் (மனுக்களைச் சரிபார்க்கும் கோர்ட் அலுவலகம்) பக்கம் மட்டும் சொல்கிறேன். அந்த அம்மா கைநாட்டு வைப்பவராக இருந்தால், அபிடவிட்டைப் படித்துக் காட்டிப் புரியவைத்ததாகக் குறிப்பு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் குறை சொல்லித் திருப்பிவிடுவார்கள், ரிட்டர்ன்தான். வாரிசுச் சான்று சேருங்கள். எத்தனை பிரதிவாதியோ அத்தனை செட் நகல், சம்மன் பேட்டா (சம்மன் சேர்ப்பதற்கான படி), வக்காலத்தில் நல நிதி ஸ்டாம்ப், எல்லாம் முதல் தடவையே சரியாக இருக்கட்டும். ரிட்டர்ன் ஆனால், கொடுத்த கெடுவுக்குள் குறை தீர்த்துத் திரும்பப் போட வேண்டும். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கத் தனி மனு.

சம்மன் போகும் நாளில் அதைக் கொண்டுபோகும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு விவரம் தெரிந்த ஆளை அனுப்பி வீட்டை அடையாளம் காட்டச் சொல்லுங்கள். ‘அந்தப் பெயரில் ஆள் இல்லை’ என்று திரும்பி வந்தால் ஒரு வாய்தா போச்சு.

வைகைச்செல்வி:
கல் ஊன்றுவதை யாராவது மொபைலில் படம் எடுத்திருப்பார்கள். பிரிண்ட் போட்டு நீட்டினால் சான்றாவணமாக மார்க் ஆகாது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம். அதன் பிரிவு 63(4)இல் சான்றிதழ் வேண்டும். பகுதி ‘ஏ’ படம் எடுத்தவர் தருவது, பகுதி ‘பி’ நிபுணர் தருவது, ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்). அந்த போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று, நிரூபண அபிடவிட், அதாவது வாதியின் சாட்சியத்தை எழுதித் தருவது. பெரியம்மா வாயில் வராத தமிழில் எழுதாதீர்கள். ‘பத்தி 4இல் சொல்லியிருக்கிற இடையூறு எந்தத் தேதியில் நடந்தது?’ என்று கேட்டால் அவர் விழிப்பார். ‘பங்குனியில் கல் கொண்டுவந்து இறக்கினான்’ என்று அவர் சொன்னால் அப்படியே எழுதி, தேதியைப் பக்கத்தில் போடுங்கள். குறுக்கு விசாரணை முடிந்ததும் டைப் ஆன சாட்சியத்தை அவருக்கு வரிவரியாக வாசித்துக் காட்டிய பிறகுதான் கைநாட்டு. ‘என்று சொன்னால் சரியல்ல’ என்பதில் ‘அல்ல’ விழுந்துபோய் ‘சரி’ என்று நின்றுவிட்டால், மறுத்தது ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பொருநைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்றே வில்லங்கம் பார்த்தேன். பக்கத்து நிலத்துக்காரர் 2022இல் மகனுக்கு ஒரு செட்டில்மென்ட் (குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிவைக்கும் பத்திரம்) எழுதியிருக்கிறார். அதில் நம் உட்பிரிவு எண்ணும் சேர்ந்திருக்கிறது. பெரியம்மாவுக்கு இது தெரியாது.

குற்றாலச்சாரல்:
அப்படியானால் இந்தப் பிராதைத் தாக்கல் செய்யாதீர்கள். விளம்புகையும் சேர்த்து மாற்றி எழுதுங்கள். மகனையும் பிரதிவாதியாக்குங்கள். விளம்புகைக்குக் காலவரம்பு 3 வருஷம் என்பதால், அந்தப் பத்திரம் எப்போது, எப்படித் தெரியவந்தது என்பதை வழக்குமூலப் பத்தியில் (வழக்குப் போடக் காரணம் எப்போது எழுந்தது என்று சொல்லும் பத்தி) தேதியோடு எழுதி, வில்லங்கச் சான்றை ஆவணமாக வையுங்கள். கோர்ட் கட்டணம் சந்தை மதிப்பில் பாதிக்குக் கணக்காகும். அந்தத் தொகை முன்சீப் கோர்ட்டின் பண வரம்பைத் தாண்டினால் சப் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த அம்மாவிடம் செலவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளி ஆளுக்கு எதிராக ஒரு வாரிசு தனியாகவே வழக்குப் போடலாம்தான். ஆனாலும் பிள்ளைகளையும் வாதிகளாகச் சேர்ப்பது நல்லது. வெளியூரில் இருந்தால் வக்காலத்தை இன்றைக்கே அனுப்பிவையுங்கள்.