ஐசிடி-10 இ89.0: ‘போஸ்ட்புரொசீஜரல் ஹைப்போதைராய்டிசம்’ தமிழில் எப்படி?

குழுவினருக்கு வணக்கம்.

மெடிக்கல் கோடிங் (நோய்களுக்கு ஐசிடி என்ற பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் குறியீட்டை இடும் வேலை) பயிற்சிக் கையேட்டில் இ89.0-க்குத் (E89.0) தமிழ்ப் பெயர் வேண்டும். தைராய்டை அறுத்தெடுத்ததால், அல்லது கதிர் கொடுத்ததால், சுரப்பு குறைந்துபோவதற்கான குறியீடு இது. அந்த வகைப்பாட்டின் பழைய அமெரிக்கப் பதிப்பான ஐசிடி-9-சிஎம்மில் அறுவைக்கு 244.0, கதிருக்கு 244.1 என்று தனித்தனியே இருந்தன. அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி-10-சிஎம் நடைமுறைக்கு வந்தபோது இரண்டும் ஒரே குறியீட்டுக்குள் போய்விட்டன. வரைவில் ‘சிகிச்சைக்குப் பிந்தைய தைராய்டு குறைபாடு’ என்று போட்டிருக்கிறோம். சரிப்படுமா?

---

ஐயா, வணக்கம்.

> சிகிச்சைக்குப் பிந்தைய

மாத்திரை கொடுப்பதும் சிகிச்சைதானே? அமியோடரோன், லித்தியம் போன்ற மருந்துகளால் தைராய்டு மந்தமானால் அது இ03.2, கூடவே எந்த மருந்து என்பதற்கு ஒரு டி (T) வரிசைக் குறியீடு. ‘சிகிச்சை’ என்று போட்டால் புதிதாகச் சேர்ந்தவர் இந்த நோயாளியையும் இ89.0-இல்தான் தள்ளுவார்.

‘குறைபாடு’ என்ற சொல்லும் வேண்டாம். ‘அயோடின் குறைபாடு’ என்று இ00 முதல் இ02 வரை அதே சொல் வருகிறது. ‘குறைசுரப்பு’ என்போம். வினைத்தொகை, ஒற்று மிகாது. என் பரிந்துரை: ‘செய்முறைக்குப் பிந்தைய தைராய்டு குறைசுரப்பு’.

---

‘செய்முறை’ என்றதும் பிளஸ் டூ பிராக்டிகலும் சமையல் குறிப்பும்தான் நினைவுக்கு வரும்! ‘அறுவை-கதிர்வழித் தைராய்டு குறைசுரப்பு’ என்று நேராகச் சொல்லிவிடலாமே, நோயாளிக்கும் புரியும். இன்னொன்று: சுரப்பியை முழுவதுமாக எடுத்தவருக்குச் சுரப்பே இல்லை. அவருக்குக் ‘குறை’ பொருந்துமா?

---

அனைவருக்கும் வணக்கம்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ‘குறை’ இருக்கட்டும். ஒரு பக்க மடலை மட்டும் எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த நிலை வருகிறது. அவர்களுக்குப் பாதிச் சுரப்பி இருக்கிறது. ‘சுரப்பின்மை’ என்றால் அவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள்.

‘அறுவை-கதிர்வழி’ தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இ89 ஒரு குடும்பம். இ89.1 கணையத்தை எடுத்தபின் இன்சுலின் குறைவது, இ89.2 இணைத்தைராய்டு, இ89.3 பிட்யூட்டரி, இ89.4 சூலகம், இ89.5 விதையகம், இ89.6 அட்ரீனல் புறணி. முன்பாதி எல்லாவற்றுக்கும் ஒட்ட வேண்டும். அறுவையும் கதிரும் அல்லாத செய்முறை ஒன்று நாளை வந்தால், அதுவும் உள்ளே அடங்க வேண்டும்.

எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது ‘பிந்தைய’. அது காலத்தை மட்டுமே சொல்கிறது; குறியீடு கேட்பது காரணத்தை. சார்ட்டில் (நோயாளியின் மருத்துவக் குறிப்பேட்டில்) இப்படி ஒரு வரி வரும்: ‘ஹைப்போதைராய்டிசம், லெவோதைராக்சின் 100 மைக்ரோகிராம். ஸ்டேட்டஸ் போஸ்ட் வலது லோபெக்டமி’ (அதாவது தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார், வலது மடலை எடுத்திருக்கிறார்). இதை வைத்து இ89.0 போட்டுவிட முடியாது. அவருக்கு அறுவைக்கு முன்பே ஹஷிமோட்டோ (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) இருந்து, அதே மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அது இ06.3. மருத்துவர் ‘போஸ்ட்சர்ஜிக்கல் ஹைப்போதைராய்டிசம்’ என்றோ ‘அறுவையால் வந்தது’ என்றோ எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் விளக்கம் கேட்டு அவருக்குக் குவெரி அனுப்பித்தான் ஆக வேண்டும். காரணம் எழுதியிருந்தும் பழக்கத்தில் இ03.9 (காரணம் குறிப்பிடாத குறைசுரப்பு) போடுவது இதற்கு நேர்மாறான தவறு. இ03-இன் கீழேயே எக்ஸ்க்ளூட்ஸ் 1-இல் (சேர்த்துப் போடக் கூடாத குறியீடுகளின் பட்டியலில்) இ89.0 இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் எடிட்டில் (கணினிச் சரிபார்ப்பில்) அடிபடும்.

ஆகவே ‘பின்விளை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘பின்’ காலத்தையும் ‘விளை’ காரணத்தையும் சொல்லிவிடும்: செய்முறைப் பின்விளை தைராய்டு குறைசுரப்பு. செய்முறை என்றால் சமையலா என்ற கேலி நியாயம்தான், ஆனாலும் ‘மருத்துவச் செய்முறை’ என்று ஒருமுறை பழகிவிட்டால் போய்விடும். ‘இடையீடு’ என்று மாற்றினால் ‘இன்டர்வென்ஷன்’ வரும் இடத்தில் முட்டும்.

கையேட்டில் ஒரு விளக்கம் கட்டாயம் வேண்டும். கதிர் அயோடினை (அயோடின்-131) நோயாளி கேப்சூலாக விழுங்குகிறார். பார்ப்பவருக்கு அது மருந்து. குறியீட்டுக்கோ அது கதிர். எனவே இ89.0, இ03.2 அல்ல. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாவுக்காகக் கழுத்தில் கதிர் வாங்கியவருக்குப் பல ஆண்டுகள் கழித்துக்கூட சுரப்பு குறையும். சார்ட்டில் எங்கோ பழைய பக்கத்தில் கிடக்கும் இசட்92.3-ஐ (முன்பு கதிர்ச் சிகிச்சை பெற்றவர் என்பதற்கான குறியீட்டை) அங்கே தேடிப் பார்க்க வேண்டும்.

---

மருத்துவர் அம்மாவின் ‘பின்விளை’யை ஏற்கிறேன். தலைப்பில் ‘செய்முறைப் பின்விளை’, அதன் கீழே தேடுசொற்களாக ‘அறுவைப் பின்விளை’, ‘கதிர்ப் பின்விளை’ இரண்டையும் சேருங்கள். 244.0, 244.1 பழகியவர்கள் அந்த வழியில்தான் தேடுவார்கள்.

டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பற்றியும் ஒரு வரி போடுங்கள். மாத்திரை சாப்பிட்டு டிஎஸ்ஹெச் சரியான அளவில் இருந்தால் நோய் போய்விட்டது என்று குறியீட்டை விட்டுவிடுகிறார்கள். மாத்திரை ஓடும்வரை இ89.0 நிற்கும். புற்றுக்காகச் சுரப்பியை எடுத்தவர்கள் சிலருக்கு டிஎஸ்ஹெச்சை 0.1-க்குக் கீழேகூட வேண்டுமென்றே இறக்கி வைப்பார்கள். அதைப் பார்த்து மிகைசுரப்பு என்று இ05-க்குப் போகக் கூடாது. அவர்களுக்குப் புற்றுச் சிகிச்சை முழுதாக முடிந்திருந்தால் இசட்85.850 (முன்பு தைராய்டுப் புற்று இருந்தது), நடந்துகொண்டிருந்தால் சி73 (தைராய்டுப் புற்று).

---

நன்றி. அப்படியே திருத்தி ஏற்றுகிறேன். இ89.2-ஐச் ‘செய்முறைப் பின்விளை இணைத்தைராய்டு குறைசுரப்பு’ என்று எழுதினால் இ89.0-க்கும் அதற்கும் ‘இணை’ என்ற இரண்டெழுத்துதான் வேறுபாடு. வேகமாகப் பார்க்கையில் கண் தவறவிடும். அங்கே மட்டும் ‘பாராதைராய்டு’ என்றே வைத்துவிடலாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.